விண்ணப்ப எண் 43

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு முக்கியமான காரியத்துக்காக ஜெபம் தேவைப்படுகிறது.

போனில் சொல்லலாம் என்று நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் "மீட்டிங்ல இருக்கேன்டா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. வீட்டுக்கு எழுதினால் அத்தான் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைப்பார், அது அங்கேயே குடியிருந்துவிடும். அதனால்தான் ஆலய அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். ஆள் எங்கே வசிக்கிறாரோ அங்கேதானே தபால் போக வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம்.

சிரித்து முடித்துவிட்டாயா? ஊருக்கெல்லாம் பல் செட் செய்கிறவன், தனக்கே ஒன்று செய்துகொள்ள வேண்டிய வயதில் மாப்பிள்ளை ஆகிறான். பெண், பல் மருத்துவமனைகளிலிருந்து எங்கள் பட்டறைக்கு அச்சுகளை வேனில் கொண்டுவந்து தருகிறவள். வேன்காரி என்றுதான் நான் கூப்பிடுகிறேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். மீதி நேரில்.

ஒரே ஒரு ஆசை இருக்கிறது. அம்மா போனபோது எனக்கு எட்டு வயது, உனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து என்னை ஆளாக்கியது நீதான். ஆலயத்துப் பதிவேட்டில் மணமகன் தரப்புச் சாட்சியாக நீ கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரையும் அந்த இடத்தில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தேதியை நீயே சொல். உன் டைரியில் எந்த நாள் காலியாக இருக்கிறதோ அந்த நாளில் கட்டிக்கொள்கிறோம். ஏப்ரல் முடிவதற்குள் இருந்தால் போதும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி


பிப்ரவரி 2

(அச்சடித்த அஞ்சலட்டை; எண்ணும் கையொப்பமும் மட்டும் கையால்)

அன்புள்ள ~~சகோதரரே~~ / சகோதரியே,

உங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றோம். விண்ணப்ப எண்: 43. உங்கள் தேவைக்காக எங்கள் குழுவினர் ஊக்கமாக ஜெபித்து வருகிறார்கள். சோர்ந்துபோகாதிருங்கள்.

செயலாளர், ஜெபக் குழு


பிப்ரவரி 11

மதிப்புக்குரிய ஜெபக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

விண்ணப்ப எண் 43 எழுதிக்கொள்வது.

தங்கள் அட்டை கிடைத்தது. என் காரியத்துக்காக ஒரு குழுவே ஊக்கமாக ஜெபித்து வருவதை அறிந்து பட்டறையில் அனைவரும் மகிழ்ந்தோம். 'சகோதரரே' என்பதை அடித்துவிட்டு என்னைச் சகோதரி ஆக்கியிருப்பது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. கல்யாண நேரத்தில் மணமகள் வீட்டார் கண்ணில் பட்டால் வம்பு.

அட்டையை வேன்காரியிடம் காட்டினேன். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "உங்க அக்கா கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றாள். கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னாள். அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீ தேதி சொல்வாய் என்று ஒரு மாதம் காத்திருந்தோம். அவளுடைய அண்ணன் கப்பலில் வேலை செய்கிறவர். அவருக்குக் கிடைத்த விடுப்புக்கு ஏற்ப, ஏப்ரல் 25 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவு செய்துவிட்டோம். இங்குள்ள ஆலயத்திலும் சொல்லியாயிற்று.

வருவாயா என்று கேட்க எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. கேட்டால் விண்ணப்ப எண் 44 ஆகிவிடுவேனோ என்னவோ.

தங்கள் உண்மையுள்ள,
சகோதரி


பிப்ரவரி 18

அடேய்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் உட்கார நாற்காலி தேட வேண்டியதாயிற்று. நீ என்ன எழுதியிருக்கிறாய், நான் என்ன அனுப்பியிருக்கிறேன்!

நடந்ததைச் சொல்கிறேன், காரணம் சொல்கிறாள் என்று நினைக்காதே. ஆலயத்துக்கு வாரம் நாற்பது கடிதம் வருகிறது. இங்கே பாதிப் பேர் என்னை அக்கா என்றுதான் எழுதுகிறார்கள். பள்ளிக்கூட அலுவலக வேலை முடிந்து, பெண்கள் கூட்டம் தொடங்குவதற்குள், எனக்குப் பதினேழு நிமிடம் கிடைக்கும். அதற்குள் எல்லாக் கடிதங்களிலும் முதல் வரியைப் பார்த்துப் பட்டியல் தட்டச்சு செய்துவிடுவேன். உன் முதல் வரியைப் பார்த்தேன். 'ஒரு முக்கியமான காரியத்துக்காக' என்று தட்டச்சு செய்தேன், அட்டையில் கையெழுத்துப் போட்டேன், முகவரியை அலுவலகப் பையன் எழுதினான். முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதை நானே சபையில் வாசித்தேன். எல்லாரும் கண்ணை மூடி உனக்காக ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மாலையில் பூச்சாடிகளை யார் கழுவுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தப்புதான். மன்னித்துவிடு. உனக்குக் கல்யாணம் என்று அத்தானிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வெகு நாளாயிற்று.

ஆனால் ஏப்ரல் 25? உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? அன்றைக்குத்தான் எங்கள் ஆலயத்தின் நூறாவது ஆண்டு ஆராதனை. நாற்பது பேர் பாடுகிறார்கள், நான்தான் நடத்துகிறேன். எட்டு மாதமாகப் பயிற்சி நடக்கிறது. ஆல்டோ என்கிற பெண்கள் கீழ்க்குரல் வரிசையில் நிற்கும் மருந்துக்கடைக்காரி இன்னும் மூன்றாவது பாட்டில் அரைத் தாளம் முந்துகிறாள். நான் இல்லாவிட்டால் கரைசேரவே மாட்டார்கள். இது என் வேலை இல்லையடா, ஆண்டவர் வேலை.

ஒரு வாரம் தள்ளிப் போடு. கப்பலை ஒரு வாரம் நிற்கச் சொல்ல முடியாதா? இல்லையென்றால் ஆராதனை முடிந்ததும் மாலை வண்டி பிடித்து மறுநாள் வந்துவிடுகிறேன். பதிவேட்டில் அப்போது கையெழுத்துப் போடக் கூடாதா?

பாடல் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

கப்பலைக் கேட்டுப் பார்த்தேன். தன்னால் முடியாதாம், ஆண்டவர் வேலை இருக்கிறதாம்.

அந்த வரியைக் கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தாமல் விட்டுவிடுகிறேன். நீயும் கொஞ்சம் தெரிந்துகொள்.

சாட்சி என்றால் கல்யாணம் நடக்கும்போது அங்கே இருந்தவர் என்று அர்த்தம். மறுநாள் வந்து கையெழுத்துப் போடுகிறவரை எங்கள் போதகர் ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளுடைய அண்ணன் திங்கட்கிழமை கப்பல் ஏறினால் பதினொரு மாதம் கழித்துத்தான் திரும்புவார். அவளுக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவர். எனக்கு இருக்கிற ஒரே சொந்தத்துக்காக அவளுடைய ஒரே சொந்தத்தை எப்படித் தள்ளச் சொல்வேன்?

நீ வர முடியாவிட்டால் பட்டறை முதலாளி கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர். அவரே முந்திக்கொண்டு, "நான் இருக்கேன்பா, கவலைப்படாதே" என்றார். கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது.

உன் ஊழியத்தை நான் குறை சொல்லவில்லை. நீ செய்கிற எல்லாமே நல்ல காரியம்தான். அதுதான் தொல்லையே. கெட்ட காரியத்தோடு போட்டி போட்டால் நான் ஜெயித்துவிடுவேன். நல்ல காரியத்தோடு எப்படிப் போட்டி போடுவது?

நன்றாகப் பாடுங்கள். மனதாரத்தான் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பி,

பதில் எழுதப் பதிமூன்று நாள் ஆகிவிட்டது. இந்தத் தடவை வேலையினால் அல்ல.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தேன். எண் 351. 'ஒரு சகோதரர், தம் மனைவியோடு உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிடும் பாக்கியத்துக்காக ஜெபிக்கக் கேட்கிறார்.' பெண்கள் பக்கம் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். "பாவம், யாரோ என்னவோ. எப்படிப்பட்ட பொம்பளையோ அவ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் உன் அத்தான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை போட்டேன். "நேர்ல சொல்ல வேண்டியதுதானே? ஊர் முன்னாடி மானத்தை வாங்கணுமா?" என்றேன். அவர் நிதானமாக, "நேர்ல சொல்லணும்னா நீ நேர்ல இருக்கணும்ல? ஜெபப் பெட்டியில எழுதிப் போட்டா நீ வாசிப்பேன்னு தெரியும்" என்றார். அன்று மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவர் மீனை வறுக்கிற விதமே மாறியிருக்கிறது. எப்போது கற்றுக்கொண்டார் என்று கேட்டேன், மூன்று வருஷமாகிறது என்றார்.

சாப்பிட்ட பிறகு பழைய பட்டியல்களை எடுத்து மேசை மேல் பரப்பினேன். பதினொரு வருஷம் நான் தட்டச்சு செய்தவை. எத்தனை பேருக்காக நான் உண்மையில் ஜெபித்தேன் என்று யோசித்தேன். தட்டச்சு செய்ததையே ஜெபம் என்று நினைத்துவிட்டேனடா. சும்மா உட்கார்ந்தால் ஆண்டவர் முன்னால் வெறுங்கையோடு நிற்கிற மாதிரி எனக்கு ஒரு பயம். அவர் என்னை வேலைக்காரியாக வைத்திருக்கிறார், வேலை இல்லையென்றால் நிறுத்திவிடுவார் என்கிற மாதிரி. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, இன்றைக்கு ஒரே ஒரு ஆளுக்காவது ஜெபிப்போம் என்று உன் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். உனக்காக வந்தது. அடுத்து அவளுக்காக என்று வந்தபோது நின்றுவிட்டேன். என்ன கேட்பது? அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே. ஒரு வேனும், என் கையெழுத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையும்தான் தெரியும்.

அவள் எப்படிப்பட்டவள்? எப்படிச் சிரிப்பாள்? எதற்குக் கோபம் வரும்? உன்னைப் போய் எதற்காகப் பிடித்தது? எல்லாம் எழுது. நீளமாக எழுது. முழுதும் படிப்பேன்.

ஏப்ரல் 25 பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. எட்டு மாத உழைப்பிலிருந்து கையெடுக்க மனசு வலிக்கிறது.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

அத்தானுக்கு என் சார்பில் ஒரு மாலை போடு. அந்த மனிதரை இத்தனை நாள் சாது என்று நினைத்து ஏமாந்துவிட்டேன்.

வேன்காரியைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, இனி நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வேனுக்குக் குறுக்கே நாய் ஓட, அவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள். பின்னால் இருந்த பெட்டி கவிழ்ந்துவிட்டது. பன்னிரண்டு பேருடைய பல் அச்சுகள், மேல் தாடை பன்னிரண்டு, கீழ்த் தாடை பன்னிரண்டு. ஒன்றும் உடையவில்லை, ஆனால் பெயர்ச் சீட்டுகள் எல்லாம் நனைந்து கழன்றுவிட்டன. வேறொருவராக இருந்தால் கிடைத்தபடி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவள் பட்டறைக்கு வந்து, "என்னால கலந்துபோச்சு. பிரிச்சு வெக்கிற வரைக்கும் நான் போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் முழுக்க இருவரும் ஒவ்வொரு மேல் தாடைக்கும் அதன் கீழ்த் தாடையைத் தேடினோம். ஒன்றைப் பொருத்திப் பார்த்துவிட்டு அவள், "இந்தப் பெரியவருக்கு நிறைய சிரிக்கிற பழக்கம் போல, முன் பல்லு எல்லாம் தேஞ்சிருக்கு" என்றாள். நான் இருபது வருஷமாகப் பல் செய்கிறேன், பல்லுக்குப் பின்னால் ஆள் இருப்பது அன்றுதான் ஞாபகம் வந்தது. பதினோரு ஜோடி சேர்ந்துவிட்டன. கடைசி ஜோடி மட்டும் எப்படித் திருப்பினாலும் உட்காரவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், அந்த ஆளுக்கு நிஜமாகவே கோணல் வாய். இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். மற்றவர்கள் ஜாதகத்தில் பொருத்தம் பார்ப்பார்கள், நாங்கள் பல்லில் பார்த்துவிட்டோம்.

கோபம் எதற்கு வரும் என்று கேட்டாய். சாப்பிடும்போது யாராவது மணி பார்த்தால் வரும். ஒரு வேலை முடியாமல் அடுத்ததைத் தொட மாட்டாள். சத்தமாகப் பாடுவாள், சுருதி சுத்தமாகச் சேராது, நீ வரும்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

'நீ வரும்போது' என்று கை தானாக எழுதிவிட்டது. நெருக்குகிறேன் என்று நினைக்காதே. நீ அவளுக்காக ஜெபிக்கத் தொடங்கி, அவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நின்றுவிட்டதைச் சொன்னேன். அவள் வேனை ஓரம் கட்டினாள். பிறகு, "என்னை யாருன்னு கேட்டுட்டு ஜெபிக்கிறாங்களா?" என்றாள்.

தம்பி


ஏப்ரல் 4

என் அருமைத் தம்பி,

வருகிறேன்.

மேலே படிப்பதற்குள் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

போதகரிடம் சொல்ல வேண்டுமே என்று ஒரு தாள் நிறையக் காரணம் எழுதிக்கொண்டு போனேன். முதல் காரணத்தைத் தொடங்கினேன். "தம்பிக்குக் கல்யாணமா! எப்ப கிளம்பறீங்க?" என்றார். மீதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பாடகர்களிடம் சொன்னதுதான் பெரிய கூத்து. என் இடத்தில் மருந்துக்கடைக்காரி நடத்துவாள் என்று அறிவித்தேன். அழுவார்கள், கெஞ்சுவார்கள் என்று நினைத்துக் கைக்குட்டை வேறு தயாராக வைத்திருந்தேன். பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். ஒருவர் தட்டியதும் நாற்பது பேரும் தட்டினார்கள். ஆண்களின் அடிக்குரலில் பேஸ் பாடுகிற பஸ் கண்டக்டர், "அக்கா, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார். பார்த்துக்கொள்வார்களாமே! எனக்கு மூக்கின்மேல் கோபம்.

பாடிக் காட்டச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கை தானாகத் தாளம் போட்டது, மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பாட்டைச் சும்மா கேட்டேன். மருந்துக்கடைக்காரி மூன்றாவது பாட்டில் அரைத் தாளம் முந்தினாள். அங்கே முந்தினால்தான் நன்றாக இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பாட்டு என்ன சொல்கிறது என்பதே எனக்கு அன்றுதான் கேட்டது. எடுத்து வந்த கைக்குட்டை வீணாகவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக ஒப்படைத்துவிட்டேன். பூச்சாடி, ஞாயிறு பள்ளி, விற்பனை விழா, பெண்கள் கூட்டத்துச் சாவி. கேட்டவர்கள் எல்லாரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். இத்தனை நாள் அவர்கள் கைக்குக் கிடைக்காமல் நான்தான் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன் போல. கடிதங்களை மட்டும் விடவில்லை. தட்டச்சை நிறுத்திவிட்டு, கடைசி வரி வரை படிக்கிறேன். பதினேழு நிமிடத்தில் மூன்றுதான் முடிகிறது. மற்றவற்றை இன்னும் நான்கு பேருக்குப் பங்கு போட்டிருக்கிறேன்.

கல்யாண வாரத்துப் புதன்கிழமையே வந்துவிடுவேன், அத்தானும் வருகிறார். எனக்கு என்ன வேலை வைத்திருக்கிறாய் என்று எழுது.

அக்கா


மே 12

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. கல்யாணமான வீடு என்றே தோன்றவில்லை என்று வேன்காரி குறை சொல்கிறாள். ஐந்து நாளில் திரும்புகிறேன் என்று வந்தவள் ஒன்பது நாள் இருந்தாய். வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் முழுக்கச் சுற்றினாய். இப்போது எல்லா மருத்துவமனையிலும், "அக்கா வரலையா?" என்று கேட்கிறார்களாம்.

அன்று காலை திரும்பிப் பார்த்தபோது நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். கையில் டைரி இல்லை, பாட்டுத் தாள் இல்லை, சாவிக் கொத்து இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு போதகர் கேட்ட கேள்வி எதுவும் என் காதில் விழவில்லை. அவள் விலாவில் இடித்த பிறகுதான் சம்மதம் என்று சொன்னேன்.

இப்போது ஒரு சின்ன விஷயம். நேற்றுப் பதிவேட்டின் நகல் வாங்க ஆலய அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மணமகன் தரப்புச் சாட்சி, பெயர் சரி, கையெழுத்து சரி. மணமகனுக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'அம்மா' என்று இருக்கிறது.

"தாயார் காலமாயிட்டாங்கன்னு மேல எழுதியிருக்கே. சாட்சி உங்க அக்காதானே? அவசரத்துல தப்பா எழுதிட்டாங்க போல" என்றார். திருத்த வேண்டுமென்றால் நீதான் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். படிவம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

தம்பி


மே 18

அன்புள்ள தம்பிக்கு,

படிவம் கிடைத்தது. எழுதாமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன், எழுத்தரிடம் கொடுத்துவிடு.

அவசரத்தில் எழுதியதில்லை என்று அவரிடம் சொல். அன்றைக்கு எனக்கு வேறு ஒரு வேலையும் இல்லை.

அக்கா